சூடத்தில் தீர்ந்த வழக்கு

அப்பா,

கோயில் குடமுழுக்கு மலர் தபாலில் வந்திருக்கிறது. இன்னும் மை நாற்றம் போகவில்லை. மூன்றாம் பக்கம் முழுக்க நீங்கள்தான். தோளில் பட்டுத் துண்டு, நெற்றி நிறையத் திருநீறு, கீழே 'ஆலயத்தின் மானம் காத்த தலைவர்' என்று கொட்டை எழுத்து. பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரி பயந்துபோனாள்.

மானமாம்! யாருடைய மானம் அப்பா?

காப்பார் ஊரில் நம் வீட்டு வாசலில், கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்த அந்த அம்மா தன் பத்து வயது மகளை அணைத்துக்கொண்டு நின்றாரே, ஞாபகம் இருக்கிறதா? செத்துப்போனவரிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைக்காதீர்கள். உயிரோடு இருந்தபோது கேட்க விடவில்லையே. கோயில் தேவார வகுப்பு வாத்தியார் பிள்ளையிடம் தப்பாக நடந்துகொண்டார் என்று அழுதுகொண்டே சொன்னார். "போலீஸ்ல ரிப்போட் போடப் போறேண்ணே" என்றார். நீங்கள் செய்த முதல் காரியம், எழுந்துபோய் அவர்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியது.

"ரிப்போட்டெல்லாம் எதுக்கு லா? வெளிய தெரிஞ்சா கோயில் பேரு என்னா ஆவுறது? கமிட்டியில பேசி முடிச்சிக்கலாம்."

பேசி முடித்தீர்கள். ஏழு பெரிய மனிதர்கள், ஏழு தொந்திகள். "சாமி முன்னால சூடத்த அடிச்சு சத்தியம் பண்ணட்டும்" என்று நீங்கள்தான் தீர்ப்புச் சொன்னீர்கள். வாத்தியார் எரிகிற சூடத்தைப் பட்டென்று உள்ளங்கையால் அடித்து அணைத்தார். வருடா வருடம் தீமிதிக்கிற ஆள், அவருக்கென்ன? அதோடு விட்டீர்களா, வெட்கங்கெட்டவர்களே, பிள்ளையையும் சூடம் அடிக்கச் சொன்னீர்கள். தட்டில் சூடத்தை ஏற்றிவைத்தவள் நான். எனக்கு அப்போது பதினாறு வயது. பிள்ளை நெருப்பைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா, பொய்" என்றார் கோயில் செயலாளர். நீங்கள் தலையாட்டினீர்கள். பத்து வயதுப் பிள்ளை நெருப்புக்குப் பயந்தது. அதை வைத்து ஒரு மிருகத்தை உத்தமனாக்கிவிட்டீர்கள். தூ!

அடுத்த மாதமே அவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே "சாமியே தீத்து வச்சிட்டாரு" என்றீர்கள். நானும் வாயைத் திறக்காமல் ரசம் ஊற்றினேன். உங்கள்மேல் எனக்கு இருக்கிற அருவருப்பில் ஒரு பங்கு என்மேலும் உண்டு.

மலரை இன்னும் கொஞ்சம் புரட்டினால் அதே வாத்தியார், தலை நரைத்து, சுற்றிலும் சின்னப் பிள்ளைகளோடு நிற்கிறார். இன்னும் வகுப்பு எடுக்கிறாராம்.

அந்தப் பிள்ளை சென்ற வாரம் போனில் கூப்பிட்டாள். இப்போது அவளுக்கே ஒரு மகள் இருக்கிறாள். "அக்கா, நான் ரிப்போட் போட்டுட்டேன். அன்னிக்கி நடந்தத நீங்க வந்து சொல்வீங்களா? பயமா இருந்தா வேணாம்க்கா."

வரேன் என்றேன். யார் கதவைச் சாத்தினார், யார் தலையாட்டினார், யார் சூடம் ஏற்றினாள், எல்லாவற்றையும் சொல்வேன். செயலாளர் எப்படியோ மோப்பம் பிடித்துப் போன் போட்டார். "செத்தவர ஏம்மா இழுக்கிற?" என்று கெஞ்சினார். கெஞ்சவும் தெரிகிறது இவர்களுக்கு.

உங்களிடமிருந்து நான் வேறு எதையும் வைத்துக்கொள்ளவில்லை. அடையாள அட்டையில் என் பெயருக்குப் பின்னால் 'இன்னாரின் மகள்' என்று நீங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு வருகிறீர்கள். நாளைக் காலை போலீஸ் நிலையத்தில் முதலில் என் முழுப் பெயரைக் கேட்பார்கள். உங்கள் பெயரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சத்தமாகவே சொல்கிறேன், அப்பா.