அநாதை என்று அச்சடித்தார்கள்

என் காமாட்சி அக்காவுக்கு,

உன்னை மண்ணில் வைத்துவிட்டு ஜொகூர் பாருவுக்குத் திரும்பியவன், இத்தனை நாள் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று பேசாமல் இருக்க முடியவில்லை. அவ்வளவு கோபம் அக்கா.

தோட்டத்துப் பெண்களுக்குப் பிரசவ விடுதி கட்ட இங்கே ஒரு சங்கத்தார் பணம் திரட்டுகிறார்கள். கடைக்காரர்கள், தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணிமார்கள் என்று ஊர் ஊராகத் தபாலில் வேண்டுகோள் கடிதம் அனுப்ப ஏற்பாடு. செயலாளர் நான் அச்சுக் கோர்க்கும் அச்சகத்துக்கே வந்து, "உங்க அக்காவுக்கு என்னப்பா நடந்துச்சு?" என்று கேட்டார். நல்ல காரியமாச்சே என்று எல்லாம் சொன்னேன். பாலோ தோட்டத்திலிருந்து குளுவாங் ஆஸ்பத்திரிக்கு நீ வலியோடு மாட்டுவண்டியில் போனது. சக்கரம் சேற்றில் இறங்கியதும் நம் லயத்து வீடுகளின் ஆண்கள் ரப்பர் பால்வெட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து இழுத்தது. பக்கத்து வீட்டு அஞ்சலை உன் தலையை மடியில் தாங்கிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் நீயும் பிள்ளையும் போனது.

கடிதம் என் கைக்கே கோர்க்க வந்தது. "பாலோவில் அநாதைக் கூலிப்பெண் ஒருத்தி, வாயில் தண்ணீர் ஊற்றவும் ஆளின்றிச் சாலையோரம் மாண்டாள்."

செயலாளரிடம் ஓடினேன். "அவ அநாதைன்னா நான் யாருங்க?"

"பேரு போடலையே தம்பி," என்று சிரித்தார். "படிக்கிறவன் அழுதாத்தான் மணியார்டர் வரும்."

கோர்க்க மாட்டேன் என்றேன். வேலை போனது. வேறொருவன் கோர்த்தான், கடிதமும் போய்விட்டது. உன்னைப் பார்த்தே இராதவர்களெல்லாம் உனக்காக உச்சுக்கொட்டினார்களாம். அவர்கள் யாருக்காக உச்சுக்கொட்டினார்கள் அக்கா?

பாலோவுக்குப் போய் லயத்தில் அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். உன்னைக் கட்டிய மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். அஞ்சலைதான் கத்தினாள்: "நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்? நீ எழுதுடா. நாமளும் அனுப்புவோம்!"

எல்லாரும் சேர்ந்து தபால்தலை வாங்கினோம். அதே கடைக்காரர்களுக்கும் கிராணிமார்களுக்கும் கை வலிக்க எழுதினேன். "எங்கள் காமாட்சிக்கு நாங்கள் இருந்தோம். தோட்டமே சேர்ந்து இழுத்தும் ஆஸ்பத்திரி எட்டவில்லை. அதனால்தான் பாலோவிலேயே விடுதி கேட்கிறோம்."

பலர் பதிலே போடவில்லை. கோத்தா திங்கியில் கடை வைத்திருக்கும் ஒரு ராவுத்தர் பணத்தோடு, "என் மகளும் இப்படித்தான் போனாள்" என்று எழுதியிருந்தார். அப்புறம் இன்னும் சிலர். வந்ததை வைத்து லயத்தின் கடைசி அறைக்கு வெள்ளையடித்து, மருத்துவச்சி ஒருத்தியை வரச் சொல்லியிருக்கிறோம். விடுதி இன்னும் பேச்சாகத்தான் இருக்கிறது.

போன வாரம் செயலாளரே பாலோவுக்கு வந்தார். "உங்க கடிதம் நல்லாருக்கு, சங்கத்துப் பேர்ல அனுப்பலாமா?"

மச்சான் முதல்முறையாக வாய் திறந்தார். "அனுப்புங்க. அதுக்கு முன்னாடி, நீங்க எழுதினது பொய்யின்னு எல்லாருக்கும் எழுதிப் போடுங்க."

செயலாளர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விடுதி எழும்வரை நான் எழுதுவேன் அக்கா. யாரையும் அழவைக்க மாட்டேன். நம் பெண்கள் ஏன் இப்படிச் சாக வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்பேன். படிக்கிறவர்களுக்கும் என்னைப்போல் கோபம் வரட்டும்.

உன் கூடப்பிறந்தவன்,
முத்து