புளிக்காத கிம்ச்சி

தேகு, தென் கொரியா
ஜனவரி, ஞாயிறு

அன்பு மகளே,

நான் கிம்ச்சிக்கு உப்புப் போட மறந்துவிட்டேன் என்று தேவாலயப் பெண்கள் சொல்லித் திரிவது பொய். என் கைக்கு உப்பின் அளவு நன்றாகத் தெரியும்.

காய்கறி கெடாமல் காக்கும் என்று உன் ஆய்வுக்கூடத்திலிருந்து நீ தந்துவிட்டுப் போன வைட்டமின் சி, துத்தநாகக் கூட்டுப்பொடியை வீணாக்க மனமில்லை. குளிர்காலத்துக்கென்று முட்டைக்கோஸ் புளிக்கப் போட்ட கிம்ச்சியில் ஒரு ஜாடிக்கு மட்டும் தாராளமாகக் கலந்தேன். பக்கத்து ஜாடிக்கும் அதே முட்டைக்கோஸ், அதே மிளகாய், அதே உப்பு. பொடி மட்டும் இல்லை.

பொடி போடாதது கமகமவென்று புளித்துவிட்டது. பொடி போட்டதில் ஒரு குமிழிகூட இல்லை. வெட்டிய ஓரமும் கறுக்கவில்லை.

கன்னியர் மடத்துப் பள்ளியில் என்னோடு படித்த அகத்தா ருசி பார்த்தாள்.

"என்ன மோனிக்கா, தகரத்த நக்கின மாதிரி இருக்கு. இத கிம்ச்சின்னு வெளிய சொல்லிடாத."

"புளிக்க வைக்கிற கிருமியெல்லாம் செத்துப்போச்சு."

"அதுக்கு ஏன்டி சிரிக்கிற?"

அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பொடியை மறுமுறை சோதித்தபோது கிருமி சாகவில்லை, முதல் முடிவே தவறு போலிருக்கிறது, ஆய்வை விட்டுவிடப் போகிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நேற்று நன்றாகத் தூங்கினேன்.

ஒரு ஜாடி நிரூபணமாகாது என்பாய். எனக்கும் தெரியும். நீ இன்னொரு முறை சோதித்துப் பார்க்க அது போதும். இரண்டு ஜாடியையும் யாரும் தொடாமல் வைத்திருக்கிறேன். உன் அறையின் தரையைத் தினமும் சூடாக்கித்தான் வைக்கிறேன். தரைக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாய் உறைந்துவிடக் கூடாது அல்லவா.

ஜாடிகளை எடுக்க என்றைக்கு வருகிறாய்? போனில் வேண்டாம், போன தடவை போனில் கேட்டதே போதும்; கடிதமாக எழுது.

உன் அம்மா