தொடக்க வேகம்

என் அன்பு மச்சான்,

அல்லாஹ் உங்கள் கபுறுக்குழியை வெளிச்சமாக்கட்டும். நேற்று உங்கள் வீட்டில் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

அன்று கட்டடத்தில், மேலே நின்ற என் கையிலிருந்து சுத்தியல் வழுக்கி, கீழே நின்ற உங்கள் தலையில் விழுந்தது என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். பொலிஸிலும் அப்படித்தான் சொன்னேன். உங்களைப் பறிகொடுத்த, என் கூடப்பிறந்த ராத்தாவே, "நீ என்னடா செய்வாய், அல்லாஹ்ட நாட்டம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னா.

மத்தியானம் லுஹர் பாங்கு கேட்டதும் மேசன்மாரான நாம் சாமான்களைச் சுமந்துகொண்டு இறங்குவதில்லை. "எறியிறன்!" என்று சத்தம் கொடுத்துவிட்டு, மேலிருந்தே மணல் கும்பியில் போடுவோம். நீங்கள் மௌத்தான அன்று காலையில், நாலு பேர் பார்க்க, நான் கட்டிய சுவரில் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தீர்கள். "இதெல்லாம் ஒரு செவரா?" என்று காலால் உதைத்துத் தள்ளினீர்கள். எனக்குப் பற்றி எரிந்தது. பாங்கு சொன்னபோது, மணலுக்குப் பக்கத்துக் குழாயில் தொழுகைக்காக ஒழு செய்துகொண்டிருந்தீர்கள். பக்கத்தில் விழுந்து நீங்கள் பதறவேண்டும் என்று, சத்தம் கொடுக்காமல், சுத்தியலை முழுப் பலத்தோடு எறிந்தேன். மண்டை பிளந்த சத்தம் மூன்றாம் மாடிக்குக் கேட்டது. குழாயடித் தண்ணீர் சிவப்பாக ஓடியது.

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு உங்கள் மகள் கொப்பியோடு வந்தாள். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறாள்.

"மாமா, புவியீர்ப்பு ஆர்முடுகல் ஒம்பது தசம் எட்டு. மீற்றரச் செக்கனால ரெண்டு தரம் பிரிக்கிற. ஏன் தெரியுமா?"

எனக்கென்ன தெரியும்? அவளே சொன்னாள். "விழுற சாமான்ட வேகம், செக்கனுக்கு இத்தின மீற்றர். அந்த வேகமே ஒவ்வொரு செக்கனும் ஒம்பது தசம் எட்டால கூடும். அதான் ரெண்டு செக்கன்."

பிறகு கட்டடத்தின் உயரத்தைக் கேட்டாள். பதினொரு மீற்றர் என்றேன்.

"கை வழுக்கினதுதானே, அப்ப தொடக்க வேகம் பூச்சியம். விழ ஒண்டரைச் செக்கன். தலையில படக்குள்ள செக்கனுக்குப் பதினஞ்சு மீற்றர். வாப்பாக்கு ஒண்டும் விளங்கியிருக்காது, என்ன மாமா?"

சுத்தியல் விழும்போது நீங்கள் நிமிர்ந்தது எனக்குத் தெரியும், மச்சான். என்னைப் பார்த்தீர்களா?

பேனையைப் பறித்து அந்தப் பூச்சியத்தை வெட்டினேன். கொப்பி கிழிந்தது.

"பூச்சியம் இல்ல மகள். நான் எறிஞ்ச."

குசினிக்குள்ளிருந்து ராத்தா கூட்டுகிற தும்புத்தடியோடு வந்தா. "என்ட மனிசனக் கொன்டுபோட்டு, என்ட ஊட்டுச் சோத்தத் திண்டயாடா?" முகத்திலேயே அடித்தா. தடி முறிந்ததும் கையால் அடித்தா. முன்பல் ஒன்று போய்விட்டது. நான் கையைத் தூக்கவில்லை. மகள் சுவரோடு ஒட்டி நின்றாள், தடுக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் தடுத்திருப்பீர்களா, சேர்ந்து அடித்திருப்பீர்களா?

வாய் வீங்கிக் கிடக்கிறது, கதைக்க முடியவில்லை. அதுதான் எழுதுகிறேன். சுட்டுப்போட்டாலும் என்னோடு இனிக் கதைக்கமாட்டேன் என்று ராத்தா சொல்லிவிட்டா. ஆனால் பொலிஸுக்குக் கூட வருகிறாவாம், நான் வழியில் ஓடிவிடுவேன் என்று. ஓடமாட்டேன், மச்சான். இன்று லுஹருக்கு முன்னால், எறிந்தேன் என்று சொல்லிக் கையெழுத்து வைப்பேன்.

உங்களைக் கொன்றவன்,
உங்கள் மச்சினன்