அரை இன்ச், மயிரிழை கூடுதல்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் இரண்டு சட்டை, ஒரு பேன்ட்டுக்குக் கீழ்மடிப்பு. மத்தியானம் மகள் கடைக்கே வந்து நின்றாள். பஸ் பணிமனையில் மெக்கானிக் வேலை கிடைத்துவிட்டது. பதினாறாம் தேதி சேர வேண்டும். அவள் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். எனக்கும்தான்.

யூனிஃபார்ம் அங்கேயே கொடுத்துவிடுவார்களாம். ரெடிமேடு. பிறந்ததிலிருந்து அவள் போட்ட துணியெல்லாம் என் மெஷினில் ஓடியது. இனி வாரத்தில் ஆறு நாள் யாரோ தைத்த சட்டை. சந்தோஷமான நாளில் இதை எதற்கு எழுதுகிறேன்? எழுதியதை அடிக்கவும் மனசு வரவில்லை.

மார்ச் 5, வியாழன்

ஸ்பேனர், சாக்கெட் எல்லாம் அவரவர் சொந்தமாகக் கொண்டுபோக வேண்டுமாம். "கையில டூல்ஸ் இருந்தா முதல் நாளே வண்டிக்கு அடியில விடுவாங்கப்பா. இல்லன்னா அடுத்தவங்களுக்கு எடுத்துக் குடுத்துட்டு நிக்க வேண்டியதுதான்" என்றாள். கொஞ்ச நாளைக்கு யாரிடமாவது இரவல் வாங்கிச் சமாளிப்பாளாம்.

இரவல் கத்திரியில் நான் ஒரு நாளும் துணி வெட்டியதில்லை. என் மகள் எதற்கு வாங்க வேண்டும்? நான் வாங்கித் தருகிறேன். நல்லதாக. அவளுக்குத் தெரியாமல்.

மார்ச் 7, சனி

சாப்பிடும்போது சும்மா கேட்பது போல, "உங்க வேலையில அதிகமா திருகற நட்டு எதும்மா?" என்றேன். பயிற்சிப் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். உடனே டேப்பை வைத்துப் பார்த்தேன். அரை இன்ச், மயிரிழை கூடுதல். அந்த மயிரிழை, சட்டையில் நாம் விடுகிற லூஸ் மாதிரி என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 9, திங்கள்

கடையை அரை நாள் மூடினேன். முதலில் போன இடத்தில் பெரிய வண்ணப் பெட்டி. திறந்தால் கண்ணைப் பறிக்கிறது. ஒரு ஊரையே கழற்றி மாட்டலாம், அத்தனை சாமான். ஒரு ஸ்பேனரை எடுத்து வாய் ஓரத்தில் நகத்தை ஓட்டினேன். பிசிறு தட்டியது. மலிவுக் கத்திரியும் இப்படித்தான் பளபளக்கும். கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்தது பழைய இரும்புச் சாமான் கடை. என்ன சைஸ் என்றார் கடைக்காரர். "அரை இன்ச்சு, அப்புறம் அதுக்கு மேலயும் கீழயும்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்ச்சா?" "இன்ச்தாங்க." உள்ளே போய் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியதைக் கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் குரோம் வனேடியம் என்று அடித்திருந்தது. முதலாளி பேரா என்று கேட்டேன். "எஃகோட ரகம்ங்க" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. நட்டின்மேல் கவிழ்த்துத் திருகும் சாக்கெட்டில், ஆறு முனை உள்ளதைத்தான் எடுக்கச் சொன்னார், அதுதான் நட்டின் மூலையை மழுக்காதாம். விரலை உள்ளே விட்டுத் தடவினேன். நல்ல தையல் போல ஓர் இடத்திலும் உறுத்தவில்லை.

எல்லாவற்றிலும் அவள் பெயரின் முதல் எழுத்தைப் பொறிக்கச் சொல்லி வாங்கி வந்தேன். பணிமனையில் கை மாறிவிடக் கூடாதே.

மார்ச் 10, செவ்வாய்

பீரோவில் ஒளித்து வைத்திருக்கிறேன். "பச்சக் குழந்தைய எட்டி எட்டிப் பாக்கற மாதிரி பாக்கறீங்க" என்கிறாள் மனைவி.

மார்ச் 14, சனி

கொடுத்தேன். காகிதத்தைப் பிரித்தவள் ஒன்றைக் கையில் வைத்துக் கனம் பார்த்தாள். "ரொம்ப நல்ல சரக்குப்பா" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் திருப்பி எண்ணைப் படித்தாள். பையிலிருந்து அந்த நட்டை எடுத்து வந்து பொருத்தினாள். நுழையவில்லை. அடுத்த சைஸைப் போட்டாள். அது சும்மா சுற்றியது.

"அப்பா, இது பதிமூணு எம்எம். அரை இன்ச்சுன்னா பன்னெண்டே முக்கால்கூட வராது. எங்க வண்டியில எல்லாமே எம்எம்தான்."

"சட்டைக்கு அளவெடுத்த மாதிரி நட்டுக்கு எடுத்திருக்கீங்களே" என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மகளும் சிரித்தாள். நானும் அசடு வழிந்தேன்.

ஆனா உள்ளுக்குள்ள — அடச்சே. பிசிறு பாத்து, ரகம் பாத்து, முனை பாத்து, கடைசியில அளவுல போய் கோட்டை விட்டேனே. அளவுதானேடா உன் பொழப்பே? டேப்புக்குப் பின்பக்கம் சென்டிமீட்டர் இருக்கு. என்னைக்காவது திருப்பிப் பாத்தியா? எழுத்து வேற பொறிச்சாச்சு, கடையில திரும்ப எடுக்க மாட்டாங்க. திங்கட்கிழமை பிள்ளை வெறுங்கையோட போய் நிக்கணுமா?

மார்ச் 15, ஞாயிறு

அவளே என்னை அந்தக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நான்தான் இன்ச்சான்னு கேட்டேனே" என்றார் கடைக்காரர். நான் ஓரமாகப் போய் நின்றேன்.

"பெரிய செட் வேணாம்ப்பா. தினமும் தொடறது இருந்தா போதும்" என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, ஸ்பேனரின் வாய் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டினாள். நான் கத்திரி எடுப்பது அப்படித்தான். அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை. பணம் மட்டும் நான் கொடுத்தேன். அதுவே எனக்கு நிறைவாக இருந்தது.

மார்ச் 16, திங்கள்

வேலைக்குப் போய் வந்துவிட்டாள். முதல் நாளே வண்டிக்கு அடியில் விட்டார்களாம். முகமெல்லாம் கிரீஸ், ஒரே பூரிப்பு. யூனிஃபார்மில் தோள்பட்டை ஒரு விரல் இறங்கித் தொங்குகிறது. சொல்லவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

ஒரு வாரமாக மெஷின் ஸ்டாண்டு ஆடுகிறது, தையல் நெளிகிறது. ரிப்பேர்காரர் வரும்போதெல்லாம் பிளையரால் கடித்துக் கடித்து நட்டின் மூலையெல்லாம் தேய ஆரம்பித்துவிட்டது. மகள் கீழே குனிந்து பார்த்தாள். "அப்பா, உங்க செட் எங்க?"

பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அரை இன்ச் ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தது. படுத்தபடியே சொன்னாள்: "பழைய மெஷின்ப்பா. இது முழுக்க இன்ச். இந்த செட்டை யாருக்கும் தூக்கிக் குடுத்துடாதீங்க, இனிமே இதை நான்தான் பாப்பேன்."

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, யூனிஃபார்மைக் கொண்டு வந்து மேசையில் போட்டாள். "தோள்பட்டையை ஏத்திக் குடுங்கப்பா, கை தூக்கவே முடியல. பேன்ட்ல தொடைப் பக்கம் ஒரு பாக்கெட் வேணும். பதிமூணு எம்எம் ஸ்பேனர் விழாம நிக்கணும்."

டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை. அவளுடைய ஸ்பேனரையே துணிமேல் வைத்துச் சாக்கட்டியால் சுற்றி வரைந்தேன். ஓரத்தில் கொஞ்சம் லூஸ் விட்டேன். மெஷின் ஆடாமல் ஓடியது.