மலை பஸ் நிற்கும் இடம்

ஆடி 5, திங்கள்
காலையிலிருந்து தூறல். சைக்கிள் ஸ்டாண்டில் என் நாற்காலி மேலேயே ஒழுகல்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தை மாற்றிக் கட்டப் போகிறார்கள். வெளியூர் பஸ், டவுன் பஸ், ஆட்டோ, சைக்கிள், எல்லாம் இந்தச் சின்ன இடத்துக்குள். இன்ஜினியர் அம்மா வந்தார். சின்ன வயது. இரண்டு படம் காட்டினார். முதல் படத்தில் எங்கள் ஊரிலிருந்து வரும் மலை பஸ் என் ஸ்டாண்டுக்கு எதிரே, இப்போது போலவே. இரண்டாவதில் கிழக்கு வாசலில், ஷேர் ஆட்டோவை ஒட்டி. அதற்கும் என் ஸ்டாண்டுக்கும் நடுவில் சுவர்.

"மலை பஸ்ல வர்றவங்க எறங்கி எங்க போறாங்கன்னு ரெண்டு நாள் குறிச்சு வைங்க தாத்தா. எழுதுவீங்கல்ல?"

எழுதுவேன் என்றேன். போன வருஷம் கேட்டிருந்தால் கைநாட்டு. மாலை வகுப்பு வாழ்க.

ஆடி 6, செவ்வாய்
வெயில். நான்கு கட்டம் போட்டேன்.
ஆ - ஆஸ்பத்திரி போகும் ஷேர் ஆட்டோ
வெ - வெளியூர் பஸ்
ச - சந்தை
எ - என்னிடம் வந்தவர்கள்

'ஆ' நிரம்பிவிட்டது. 'எ' மூன்று கோடு. அதில் ஒருவர் தீப்பெட்டி கேட்க வந்தவர். இருந்தாலும் போட்டேன்.

மனைவி இறந்தபின் மலையில் என் ஊர் கரியாலூருக்கு நான் போகவில்லை. ஊர்தான் தினம் பஸ்ஸில் வருகிறது. "இன்னா மாமா, சாப்ட்டியா?" வேறு யாரும் கேட்பதில்லை.

ஆடி 7, புதன்
காற்று, புழுதி. ஊரில் என் பக்கத்து வீட்டு ராமாயி இறங்கினாள். தோளில் குழந்தை. நான்தான் கூப்பிட்டேன். சாமை விதைத்தாயா?

"வெதச்சாச்சு மாமா. புள்ளைக்குக் காய்ச்ச. அப்பறம் பேசறேன்."

அப்படியும் இன்னொன்று கேட்டேன். மழை எப்படி என்று. அவள் குறுக்கே ஓடுவதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. பின்னால் வந்த பஸ் டிரைவர் சத்தம்: "கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" அடுத்த ஆட்டோவுக்கு அரை மணி. புழுதியில் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

கோடு 'ஆ'வில்.

ஆடி 9, வெள்ளி
மூட்டம். டீ இரண்டு.
இன்ஜினியர் அம்மா நோட்டை வாய்விட்டுப் படித்தார். என் எழுத்தை இன்னொருவர் படித்துக் கேட்பது முதல் தடவை. சிரிப்பு அடங்கவில்லை எனக்கு.

"இந்த 'எ' என்னங்க?"

அது கணக்கில் வேண்டாம் என்றேன்.

"அப்ப எந்தப் படம்? காரணத்தோட நீங்களே எழுதிக் குடுங்க."

மெதுவாக எழுதினேன். 'இரண்டாவது படம். மலை பஸ் ஆட்டோ பக்கம் நிற்கட்டும். நோயாளிகள் குறுக்கே ஓட வேண்டாம்.' கீழே கையெழுத்து.

"எழுத்து உருண்டையா நல்லா இருக்குங்க."

சுவர் எவ்வளவு உயரம் என்று கேட்டேன். ஆள் உயரந்தானாம். பஸ்ஸின் மேல் பாதி தெரியும்.