உம்மா போட்ட வோட்டு

சாய்ந்தமருது,
10.08.1977

அன்பு மகன் முனாபுக்கு,

வாப்பாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் உம்மா, தங்கச்சி நஸீறா, நான் மூவரும் உடம்பளவில் சுகம். உடம்பளவில் என்று ஏன் எழுதுகிறேன் என்பது மொஸ்கோ வரைக்கும் தெரிந்திருக்கும்.

நூற்று அறுபத்தெட்டு ஆசனத்தில் பச்சைக் கட்சி யூ.என்.பி.க்கு நூற்று நாற்பது, நம்மட இடதுசாரிகளுக்கு ஒன்றுகூட இல்லை. அரசாங்கத்துக்குள் இருந்து சண்டை பிடித்தோம், வெளியே வந்தும் பிடித்தோம், இனிச் சபையில் சண்டை பிடிக்கவும் ஆளில்லை. எப்படியும் இருபது வரும் என்று வாசிகசாலையில் கூட்டிக் கழித்துக் காட்டியவன் நான், அதுவும் கணக்கு வாத்தியார். அதனால் இப்போது கடைத்தெருவுக்குக் கடற்கரையால் சுற்றித்தான் போகிறேன். பாண்டிருப்புத் தோழர் அழகரெத்தினம் வந்து என் கணக்கை மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். தோணியில் எல்லோரும் ஒரே பக்கத்தில் குந்தினால் அது வென்றவனுக்கும் நல்லதில்லை என்று உன் ஜவுபர் மாமாவிடம் சொன்னேன். "மச்சான், நீங்க முதல்ல நீந்திக் கரைக்கு வாங்க, தோணிய நாங்க பாக்கிறம்" என்றார்.

வெற்றி ஊர்வலம் நம் வாசலிலும் நின்று கூவியது. வீடு உம்மாவின் சீதனம், முன்னால் பச்சைத் தொப்பியோடு வந்தவர் உம்மாவின் தம்பி அதே ஜவுபர், நடுவில் நான் யார்? ஒரு பழைய கொப்பியைத் தேடி உள்ளறைக்குப் போய்விட்டேன். சத்தம் அடங்கியதும் எட்டிப் பார்த்தால், உம்மா வாளி நிறையச் சர்பத் கரைத்து எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருக்கிறார். இத்தனை மாதமாகச் சேர்த்து வைத்த கூப்பன் சீனி முழுவதும் அதில். பச்சை வென்றால் ஊர்வலத்துக்குச் சர்பத் கொடுப்பதாகக் கடற்கரைப்பள்ளியில் நேர்ச்சை வைத்தாராம். பழைய அரசாங்கத்தில் பாண் வாங்கக் கியூவில் நின்ற கோபம் என்று நினைத்துத்தான் கேட்டேன். "உங்கட கட்சி தோத்தா ரஷ்யாக்காரன் புள்ளைய இனி என்னத்துக்கு வெச்சிருக்கப் போறான், அனுப்பிருவான்தானே" என்றார். அன்றே உன் பாயையும் கழுவிக் காயப் போட்டாயிற்று.

மகன், அந்த நூற்று நாற்பதுக்கும் நான் பெரிய பெரிய காரணங்களை யோசித்து வைத்திருந்தேன். இது அதில் இல்லை. நேற்றுக் கொழும்பிலிருந்து கட்சிக் கடிதம் வந்தது. கட்சி அனுப்பிய உன் படிப்புக்குத் தேர்தலால் ஒரு குறையும் வராது, இன்னும் மூன்று வருசம் படிக்கலாம். மறைக்க மனம் வராமல் உம்மாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "அப்ப நான் ஆருக்கு வோட்டுப் போட்டன்" என்று கேட்டார். எதற்கும் ஒரு மணித்தியாலம் விளக்கம் சொல்கிற நான் மீன் சட்டிக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன்.

நீ மனம் தளர்ந்து படிப்பை விட்டுவிட்டு வராதே, முடித்துக்கொண்டு வா. ஆனால் வருவாய் என்பதை உம்மாவுக்கென்று தனியாக எழுது, எந்த மாதம் என்றும் எழுது. நஸீறா வாசித்துக் காட்டட்டும், நான் வாசித்தால் சொந்தமாகச் சேர்க்கிறேன் என்பார். குளிருக்குக் காதை மூடிக்கொள், தொழுகையை விடாதே. வல்லவன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல அறிவும் தரட்டும்.

கடிதத்தை ஒட்டப் போகும்போது உம்மா வந்து சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "அடுத்த முறை நம்மட ஊரிலயும் உங்கட ஆள் ஒருத்தர நிப்பாட்டுங்க. நான் போடுறன். அவர் வெண்டா புள்ளைய அனுப்பச் சொல்லுங்க." ஒரு ஆசனமும் இல்லாத கட்சிக்கு இந்தத் தெருவில் ஒரு வோட்டு விழுந்துவிட்டது. அடுத்த தேர்தலுக்கு இன்னும் ஆறு வருசம் இருக்கிறது, அதற்கு முன் நீ வந்து சேர்.

உன் வாப்பா,
அபுல் ஹஸன்