சுவரில் தொங்காத தகடுகள்

அன்பு மகள் சோல்வெய்க்கு அம்மா எழுதுவது. இங்கே இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அது உண்மைதானா என்று எனக்கே இப்போது சந்தேகம். நீ சுகமாக இருக்க வேண்டும். அலாஸ்காவில் சூரியன் மறையவில்லை என்று தூங்காமல் கிடக்காதே, ஜன்னலுக்குக் கனத்த திரை போடு. இங்கே தோட்டத்தில் ருபார்ப் புளிப்புத் தண்டு கொழித்துக் கிடக்கிறது, அதை உள்ளே வைத்து மூன்று இனிப்பு அப்பம் சுட்டேன்.

கேரேஜில் அப்பா கட்டும் விமானம் முடியும் தறுவாயில் இருக்கிறது. ஆகஸ்டில் பறக்கப் போகிறாராம். விதிப்படி முதல் நாற்பது மணி நேரம் தனியாக, அதற்குப் பிறகு முதல் ஆளாக உன்னை ஏற்றிக்கொள்வாராம். அவர் வழக்கம் உனக்குத் தெரியும். தகட்டில் போடும் துளை இடம் தப்பினால் சிவப்பு மையால் வட்டம் போட்டு, குறிப்பேட்டில் எழுதி, கெட்ட தகட்டைத் தேதியோடு சுவரில் மாட்டிவிடுவார். பதினொரு தகடு தொங்குகிறது. மார்ச்சுக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. எழுபத்திரண்டு வயதில் திடீரென்று கை திருந்திவிட்டதா? தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிக்கும்போது மறுபக்கம் இரும்புக் கட்டியைப் பிடிப்பவள் நான், என்னிடமா இந்தக் கதை? அதோடு, நான் கேரேஜுக்குள் போனால் அவருக்கு உதவ வரும் பக்கத்து வீட்டு டெல்மர் பேச்சை மாற்றுகிறான்.

ஞாயிறன்று அப்பா சர்ச்சுக்குப் போனதும் வலது இறக்கையின் நடுச்சட்டத்தைத் தடவிப் பார்த்தேன். ஓரிடத்தில் பச்சைப் பூச்சு புதிதாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன், ஓட்டை அடைக்கும் பட்டிப் பசை உதிர்ந்தது. அடியில் இரண்டு துளைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு எட்டு என்ற எண் மாதிரி நின்றன. பாரம் தாங்கும் சட்டம் அது. தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும், இல்லையென்றால் சட்டத்தையே மாற்ற வேண்டும். பட்டி பூசி மறைத்தால் நடுவானில் யார் பொறுப்பு? உன் அப்பாவா இப்படிச் செய்தார் என்று மனசு கொதித்துப்போய், டெல்மரைப் பிடித்து உலுக்கினேன். "அவன் செய்யல லோர்னா, நான்தான் அடைச்சேன். துளை தப்புனதே அவனுக்குத் தெரியாது. சொன்னா ஒடஞ்சி போயிருவான். பறக்கறதுக்குள்ள நானே சரி பண்ணிடலாம்னு பாத்தேன்" என்று அழாத குறையாகச் சொன்னான். அந்த மனுஷனை நான் நம்பவில்லை. தன் தப்பை உன் அப்பா தலையில் கட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். அதனால் பட்டியை முழுக்க நோண்டி எடுத்துவிட்டு, துளையை அப்படியே திறந்து வைத்தேன். அப்பா பார்த்துக் குதிப்பார் என்று காத்திருந்தேன்.

இன்று புதன். காலையில் அதே சட்டத்துக்கு நேராக விளக்கைப் பிடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பாத்தியா லோர்னா, எங்கயாச்சும் ஒரு குறை சொல்லு பாப்போம்!" என்று சிரித்தார். துளை அவர் மூக்குக்கு முன்னால் இருந்தது. ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டேன், மகளே. பாவி நான், உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். சனிக்கிழமை அப்பாவைக் கூப்பிடு. நீ சொன்னால்தான் கண் டாக்டரிடம் போவார். விமானத்தில் ஏற வருகிறேன் என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதே.

உன் அம்மா,
லோர்னா